எல்க் கூவல் கேட்கவில்லையா? தேதியைப் பாருங்கள்

அமெரிக்காவின் கொலராடோவில் செப்டம்பர் முதல் வாரம் வேட்டைக்கு வில்லோடு ஐந்து நாள் அலைந்தும் ஒரு எல்க் மான்கூடக் கூவவில்லை, வெயிலால் இணைசேரும் பருவம் தள்ளிப்போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். தள்ளிப்போகவில்லை. பகல் நேரம் குறைவதுதான் அந்தப் பருவத்தைத் தொடங்கிவைக்கிறது. அது வருடத்துக்கு வருடம் மாறாது. நீங்கள் கொஞ்சம் முந்திப் போய்விட்டீர்கள். உச்சம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை.

வெயில் செய்வது வேறு. ரோமம் தடித்த ஆண் மான் பகலெல்லாம் நிழலில் படுத்துவிட்டு இரவில் கூவும். அதனால் 20ஆம் தேதியை ஒட்டிப் போங்கள், விடியும் முன்பே மேட்டில் நின்று கேளுங்கள். பகலில் வடக்குச் சரிவின் அடர்ந்த மரங்கள், சேற்றுக்குழிகள் பக்கம், காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள். அப்புறம், பெண் மான் கூட்டம் கண்டால் விடாதீர்கள். ஆண் அங்கேதான் வரும்.