பிரேக்பாயின்ட் வெச்சும் நிக்க மாட்டேங்குதா?

கேள்வி: சார், டாம்கேட்ல (ஜாவா வெப் அப்ளிகேஷனை ஓட்டுற சர்வர் சாஃப்ட்வேர்) ஓடுற ஜாவா வெப் அப்ளிகேஷன் ஒண்ணுல வேலை பாக்குறேன். டெஸ்ட் சர்வர் தனி லினக்ஸ் மெஷின், ஜாவா 11. ஒவ்வொரு பிழைக்கும் கோடுக்குள்ள பிரின்ட் போட்டு, வார் ஃபைல் (மொத்த அப்ளிகேஷனும் அடங்குன பேக்கேஜ்) பில்ட் பண்ணி, டிப்ளாய் பண்ணி லாக் பாக்குறதுலயே நாள் போயிடுது. என் லேப்டாப் எக்லிப்ஸ்லேர்ந்து 5005 போர்ட்டுக்கு டீபக்கரை (ஓடுற கோடை வரி வரியா நிறுத்திப் பாக்குற டூல்) மாட்டுனா கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வருது, என்ன பண்றது?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: எக்லிப்ஸ்ல மட்டும் செட் பண்ணா போதாதுங்க, சர்வர்ல ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டுற எஞ்சின்) கிளம்பும்போதே டீபக் போர்ட்டைத் திறந்துட்டு கிளம்பணும். டாம்கேட் பின் ஃபோல்டர்ல செட்என்வ் ஸ்கிரிப்ட் இருக்கா பாருங்க, இல்லன்னா நீங்களே ஒண்ணு உருவாக்கி, கேட்டலினா ஆப்ட்ஸ்ங்கிற வேரியபிள்ல ஜேடிடபிள்யூபி (டீபக்கரும் ஜேவிஎம்மும் பேசிக்கிற முறை) ஏஜென்ட்டைச் சேருங்க: டிரான்ஸ்போர்ட் டிடி சாக்கெட், சர்வர் ஒய் (y), சஸ்பெண்ட் என் (n), அட்ரஸ் 5005. இதை ஜாவா ஆப்ட்ஸ்ங்கிற வேரியபிள்ல போட்டுடாதீங்க, ஏன்னா டாம்கேட்டை நிறுத்துற கமாண்டும் அதைத்தான் எடுத்துக்கும், அதுவும் அதே போர்ட்டைத் திறக்கப் பாத்து அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்னு விழுந்துடும், சர்வர் நிக்காம ஓடிட்டே இருக்கும்.

இதையெல்லாம் செஞ்ச பிறகும் ரெஃப்யூஸ்டு வந்தா, ஜாவா 9லேர்ந்து வெறும் போர்ட் நம்பர் மட்டும் குடுத்தா லோக்கல்ஹோஸ்ட்ல, அதாவது அதே மெஷினுக்குள்ளேர்ந்து வர்ற கனெக்ட்டை மட்டும்தான் ஏத்துக்கும், அதான் காரணம். முன்னாடி ஒரு ஸ்டார், கோலன் போட்டா வெளியிலேர்ந்தும் கனெக்ட் ஆகும்னு பலபேர் சொல்வாங்க. ஆகும், ஆனா தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. ஜேடிடபிள்யூபிக்கு பாஸ்வேர்டே கிடையாது, அந்தப் போர்ட்டுக்கு வந்து சேர்ற யாரா இருந்தாலும் உங்க சர்வர்ல எந்தக் கோடை வேணும்னாலும் ஓட்டலாம். டெஸ்ட் சர்வர்தானேன்னு விடுறதும் தப்புதான், அதுல டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்குமில்ல! எஸ்எஸ்ஹெச் டனல் (பாதுகாப்பான லாகின் வழியா போர்ட்டை இணைக்கிற பாதை) போட்டு உங்க லேப்டாப்போட 5005ஐ சர்வரோட லோக்கல்ஹோஸ்ட் 5005ல சேத்துடுங்க. அப்புறம் எக்லிப்ஸ் டீபக் கான்ஃபிகரேஷன்ல ரிமோட் ஜாவா அப்ளிகேஷன் எடுத்து, ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5005 குடுங்க, அவ்ளோதான்.

கனெக்ட் ஆகியும் நிக்கலைன்னா, பிரேக்பாயின்ட் (கோடு நிக்கணும்னு நீங்க ஒரு வரியில வெக்கிற அடையாளம்) புள்ளி மேல சின்ன டிக் வந்திருக்கான்னு பாருங்க. அந்த கிளாஸ் லோடு ஆனாத்தான் டிக் வரும், அதனால பேஜை ஒருதடவை திறந்துட்டுப் பாருங்க. டிக் இருந்தும் சம்பந்தமில்லாத வரியில போய் நின்னா, சர்வர்ல இருக்குற வார் ஃபைலும் உங்க சோர்ஸும் வேற வேற பில்ட். லைன் நம்பர் இல்லன்னு எரர் வந்தா ஆன்ட் (ஜாவா புராஜெக்ட்டை பில்ட் பண்ற டூல்) பில்டான்னு கேளுங்க, அதோட ஜாவாசி (கம்பைல் பண்ற) டாஸ்க்ல டீபக் ஆப்ஷன் டீஃபால்ட்டா ஆஃப்.

இன்னொண்ணு, நீங்க ஒரு வரியில நிறுத்தி வெச்சிருக்கும்போது அந்த ரெக்வெஸ்ட் திறந்த டிரான்ஸாக்‌ஷனும் டேட்டாபேஸ்ல போட்ட பூட்டோட (லாக்) அப்படியே நிக்கும், பக்கத்து சீட்காரர் ஸ்கிரீன் சுத்திட்டே இருக்கும். அதனால கண்டிஷனல் (நிபந்தனை வெச்ச) பிரேக்பாயின்ட் போட்டு உங்க டெஸ்ட் யூசர் ஐடிக்கு மட்டும் நிறுத்துங்க.

கேள்வி: டீபக் பண்ணும்போதே கோடை மாத்தி சேவ் பண்ணா ரீஸ்டார்ட் இல்லாம வேலை செய்யுமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: மெத்தடுக்கு உள்ள இருக்குற வரிகளை மாத்துனா செய்யும். புது மெத்தட், புது ஃபீல்டு சேத்தா சாதாரண ஜேவிஎம் ஏத்துக்காது, திரும்ப டிப்ளாய் பண்ணணும்.