கூடாத முழங்கை முறிவும் மூட்டு மாற்றும்: எலும்பு மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் தாயாருக்கு 72 வயது. முழங்கையில் பிளேட் வைத்துப் பத்து மாதங்கள் ஆகியும் எலும்பு கூடவில்லை. கை பிடிமானமின்றி ஆடுகிறது. மூட்டு மாற்று உதவுமா?

பதில்: உதவக்கூடும். இந்தச் சிகிச்சை பெரிதும் பொருந்துவது இவரைப் போன்ற முதியவர்களுக்கும் முடக்குவாதத்தால் மூட்டு ஏற்கெனவே சிதைந்தவர்களுக்கும்தான். எலும்பு மெலிந்தவர்களுக்கு ஸ்குரூக்கள் தளர்ந்து, முறிந்த இடமே பொய் மூட்டாக அசையத் தொடங்க, உண்மையான மூட்டு இறுகிவிடுகிறது. மேல்கை எலும்புக்குள்ளும் முன்கை எலும்புக்குள்ளும் தண்டுகளைச் செலுத்திச் சிமெண்டால் நிலைநிறுத்தும் செயற்கை மூட்டு, கதவுக் கீலைப் போல ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டது; ஆகவே பக்கத் தசைநார்கள் பற்றியிருக்கும் கூடாத துண்டுகளை அகற்றினாலும் கை நிலைகுலையாது.

ஆனால் எலும்பு கூடாததற்குக் கிருமித்தொற்று காரணமா என்று பார்க்காமல் எவரும் இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தாலும் உள்ளே தொற்று ஒளிந்திருக்கலாம். ஐயம் இருந்தால் முதலில் பிளேட்டை எடுத்து, திசுவைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) அனுப்பி, தொற்று தீர்ந்த பின்னரே மூட்டைப் பொருத்த வேண்டும். இரண்டு அறுவை சிகிச்சைகளா என்று குடும்பத்தினர் தயங்குவது புரிகிறது. எனினும் தொற்றுள்ள இடத்தில் வைத்த மூட்டைப் பின்னர் கழற்றுவது அதைவிடப் பெரிய துன்பம்.

கேள்வி: நான் கொத்தனார், வயது 38. எனக்கும் இதே நிலைதான். மூட்டு மாற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பலாமா?

பதில்: தங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்று மூட்டு உள்ள கையால் ஒரே முறையில் சுமார் 5 கிலோவுக்கு மேலும், திரும்பத் திரும்பத் தூக்குவதானால் 1 கிலோவுக்கு மேலும் வாழ்நாள் முழுவதும் தூக்கலாகாது என்பதே பொதுவான அறிவுரை. மீறினால் தண்டு தளரும். கீலின் பிளாஸ்டிக் பகுதி தேயும். இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து வைத்து, இரண்டு பிளேட்டுகளால் மீண்டும் இறுக்கி, இறுகிய மூட்டையும் விடுவிப்பதே தங்களுக்கு ஏற்ற வழி. புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அது எலும்பு கூடுவதைத் தடுக்கும்.

கேள்வி: முறிவுக்குப் பின் சுண்டுவிரல் மரத்துப்போயிருக்கிறது. மூட்டு மாற்றினால் சரியாகுமா?

பதில்: முழங்கையின் உட்புறமாகச் செல்லும் அல்நார் நரம்பு, தழும்பில் சிக்கியிருக்கலாம். அறுவையின்போது அதை விடுவித்து முன்புறம் நகர்த்துவது வழக்கம். ஆயினும் உணர்வு முழுமையாகத் திரும்பும் என்று உறுதி கூற இயலாது. இப்போதுள்ள மரப்பை அறுவைக்கு முன்பே மருத்துவக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: கை எவ்வளவு மடங்கும்?

பதில்: அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 பாகை வரையிலான அசைவு (கையை முழுவதும் நீட்டிய நிலை 0 பாகை) போதும், அதுவே இலக்கு. முழுவதும் நீட்ட முடியாமல் போகலாம், ஆனால் உணவைத் தாமே வாய்க்குக் கொண்டுசெல்லப் பெரும்பாலோரால் முடிகிறது.