தொட்டியில் குறையும் தண்ணீருக்கு உப்புநீர் ஊற்றலாமா?

கடல் பவளம் உயிரோடு வளரும் 60 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வற்றினால் உப்புநீர் ஊற்றுவதா, நல்ல தண்ணீரா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல தண்ணீர்தான், அதுவும் ஆர்ஓ தண்ணீர். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். தினமும் 1 லிட்டர் வற்றி, அதற்கு உப்புநீரே ஊற்றி வந்தால், பத்தே நாளில் அது 41 கிராமை நெருங்கிவிடும். பவளம் வாயை மூடிச் சுருங்கிக்கொள்ளும்.

கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காலையில் காபி குடிக்கும்போதே அந்த அளவுக்கு நிரப்பிவிடுங்கள். சூட்டைத் தணிக்க மேலே ஃபேன் வைத்தால் இன்னும் வேகமாக வற்றும். ஆனாலும் 25–26 டிகிரியில் வைத்திருக்க அதுதான் மலிவான வழி.

வாரம் 6 லிட்டர் மாற்றுகிறீர்களே, அதற்கு மட்டும் உப்பு கலந்த நீர்.

புதுத் தொட்டியா? மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருக நான்கைந்து வாரம் ஆகும், அதற்குள் மீன் விடாதீர்கள். மன்னார் வளைகுடாப் பவளத்தைக் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.