உலோகத்தை வெட்டும் கார்பைடு கட்டிங் டூல் எப்படித் தயாராகிறது? சிலவற்றின் விளிம்பு மட்டும் ஏன் சீக்கிரம் உதிர்கிறது?

தரம் பெரும்பாலும் சின்டரிங் உலையிலேயே, அதாவது அழுத்திய பொடியைச் சுட்டு இறுக்கும் உலையிலேயே முடிவாகிவிடுகிறது. டங்ஸ்டன் கார்பைடு பொடியோடு பொதுவாக 6 முதல் 12 சதவீதம் கோபால்ட்டும் கொஞ்சம் மெழுகும் சேர்த்து, பால் மில்லில் (உள்ளே உருளும் குண்டுகளால் அரைக்கும் இயந்திரம்) ஈரமாக அரைத்து, உலர்த்தி, அச்சில் அழுத்துவார்கள். அப்போது அது சாக்பீஸ் மாதிரிதான், நகம் பட்டாலே உதிரும். பிறகு உலையில் சுமார் 1400 டிகிரி செல்சியஸில் கோபால்ட் கலந்த பகுதி உருகி இடைவெளிகளை நிரப்பும். ஒவ்வொரு பக்கமும் 17–20 சதவீதம் சுருங்குவதால் அச்சு அதற்கேற்பப் பெரிதாக இருக்க வேண்டும்.

இங்கே கவனம் முழுக்கக் கார்பன் அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் ஈட்டா கட்டம் (eta phase) எனும், எளிதில் நொறுங்கும் சேர்மம் உள்ளே உருவாகும். கூடினால் கிராஃபைட் தங்கி வலு போய்விடும்.

பிறகு வைரச் சக்கரத்தில் கிரைண்டிங். கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) போதாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அதன்மேல் எவ்வளவு நல்ல கோட்டிங் போட்டும் பயனில்லை. கோட்டிங்குக்கு முன் விளிம்பைச் சில மைக்ரான் மழுக்காமல் விட்டாலும் ஆரம்ப வெட்டுகளிலேயே சில்லு பெயரும்.