நிச்சயதார்த்த மோதிரத்துக்கு எந்தக் கலர் வைரம்?

கேள்வி: என் மகனுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம். மருமகளாக வரப்போகும் பெண்ணுக்கு ஒற்றைக்கல் வைர மோதிரம் போட வேண்டும் என்று மகன் ஆசைப்படுகிறான். தங்கத்துக்கும் கல்லுக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் எங்களால் போக முடியாது. முதலில் போன கடையில், இ-எஃப் கலர், வி.வி.எஸ். (உள்ளே புள்ளிகள் மிக மிகக் குறைந்த) கல்தான் வாங்க வேண்டும், அதற்குக் கீழே போனால் கல் மஞ்சளடிக்கும் என்றார்கள். எங்கள் தொகைக்கு அந்தத் தரத்தில் சிறிய கல்தான் வரும். வேறொரு கடையில் எச் கலரில் அதைவிடப் பெரிய கல்லைக் காட்டினார்கள். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தன. இருந்தாலும், மஞ்சள் கல்லைப் போட்டுவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டில் ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. எதை வாங்கலாம்? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: எச் கலர் கல்லையே வாங்குங்கள் அம்மா. அதனால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைப் பட்டை நன்றாகத் தீட்டிய கல்லுக்காகச் செலவிடுங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரிந்ததற்கு உங்கள் கண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவுக் கற்களை மோதிரத்தில் கட்டிய பிறகு பார்த்தால் எல்லோர் கண்ணுக்கும் ஏறத்தாழ அப்படித்தான் தெரியும்.

வைரத்தின் கலரை இப்போது உலகம் முழுவதும் டி முதல் இசட் வரையிலான 23 எழுத்துகளால் குறிக்கிறார்கள். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. என்ற இரத்தினவியல் நிறுவனம் 1953-இல் இந்த முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு வியாபாரிகள் ஏ என்றும் டபுள் ஏ என்றும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்ததால், பழைய குழப்பம் புதிய முறையிலும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டி என்ற எழுத்திலிருந்து தொடங்கினார்கள். டி, இ, எஃப் ஆகிய மூன்றும் நிறமற்றவை. ஜி, எச், ஐ, ஜே ஆகிய நான்கும் ஏறத்தாழ நிறமற்றவை. கே முதல் எம் வரை மெல்லிய மஞ்சள் ஓட்டம் உண்டு. அதற்குக் கீழே போகப் போக மஞ்சள் கூடும். மண்ணுக்கடியில் வைரம் விளைந்தபோது கார்பன் அணுக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நைட்ரஜன், வெளிச்சத்தின் நீலப் பகுதியைச் சிறிதளவு உறிஞ்சிக்கொள்கிறது என்பதே இந்த மஞ்சளுக்குக் காரணம்.

பரிசோதனைக் கூடத்தில் இந்த எழுத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். கட்டாத கல்லைக் குப்புறக் கவிழ்த்து வெள்ளைப் பரப்பில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு இணையான விளக்கின் கீழ், தரம் உறுதியான மாதிரிக் கற்களை அருகில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் பார்க்கிறார்கள். நிமிர்த்தி வைத்தால் பட்டைகளின் ஜொலிப்பில் நிறம் மறைந்துவிடும் என்பதால்தான் கவிழ்க்கிறார்கள். மோதிரத்திலோ கல் நிமிர்ந்துதான் இருக்கும். பக்கத்தில் மாதிரிக் கல்லும் இருக்காது.

ஒரு முறை மகளுக்கு மோதிரம் எடுக்க வந்திருந்த ஒரு தாயாரின் முன்னால், எஃப் கலரில் ஒன்றும் எச் கலரில் ஒன்றுமாக இரண்டு 40 சென்ட் (நூறு சென்ட் ஒரு காரட் எடை) கற்களை அவருடைய விரல் இடுக்கில் நிமிர்த்தி வைத்துக் காட்டினேன். இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி வைத்தும் அவரால் எது எது என்று சொல்ல முடியவில்லை. பிறகு என் மேசையிலிருந்த வெள்ளை அட்டையை நடுவில் மடித்து, அந்தப் பள்ளத்தில் இரண்டையும் கவிழ்த்து வைத்தேன். உடனே எச் கல்லைச் சுட்டிக்காட்டி, "இதில் பழைய காகிதத்தின் நிறம் இருக்கிறது" என்றார். அவர் சொன்னது மிகச் சரி. அதே கல்லைத் திரும்ப நிமிர்த்தியதும் அந்த நிறம் போன இடம் தெரியவில்லை. இறுதியில் அவர் எச் கல்லைத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

கலரில் இரண்டு படி இறங்கினால் அதே பணத்தில் கல்லின் அளவு கூடும். வட்டக் கல்லில் 30 சென்ட் என்றால் குறுக்களவு சுமார் 4.3 மில்லிமீட்டர், 50 சென்ட் என்றால் சுமார் 5.1 மில்லிமீட்டர். இந்த வித்தியாசத்தை எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்த்த உடனே உணர்வார். ஒன்றை மறக்க வேண்டாம்: 50 சென்ட், ஒரு காரட் போன்ற முழு எண்களில் விலை சட்டென்று ஒரு படி ஏறும். ஆகவே 50-க்குப் பதில் 46 அல்லது 47 சென்ட் கல் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவுதான்.

ஆனால் எடை கூடினால் போதும் என்று பட்டையை விட்டுவிடாதீர்கள். கல்லின் மேலே நுழைந்த வெளிச்சம் அடியில் கசிந்து போகாமல் திரும்பி மேலேயே வந்தால்தான் நம் பெரியவர்கள் சொல்லும் நீரோட்டம் தெரியும். எடையைக் காப்பாற்றுவதற்காக அடிப்பகுதியைத் தடிமனாக விட்ட கல், கலர் எஃப் என்றிருந்தாலும் நடுவில் இருண்டு கிடக்கும். சான்றிதழில் பட்டை, மெருகு, சமச்சீர் ஆகிய மூன்றுக்கும் எக்ஸலன்ட் என்றிருக்கும் வட்டக் கல்லைக் கேளுங்கள். சுத்தத்திலும் வி.வி.எஸ். கட்டாயமில்லை. அதற்கு அடுத்த தரமான வி.எஸ். கல்லில் உள்ள புள்ளிகளைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இல்லாமல் பார்ப்பது கடினம். இ-எஃப், வி.வி.எஸ். என்ற இரட்டைச் சொல் நம் ஊர்க் கடைகளில் தாரக மந்திரம்போல ஆகிவிட்டது. அந்த ஒரே தரத்தை எல்லாத் தொகைக்கும் பொருத்தி, குறைந்த பணத்தோடு வரும் குடும்பத்துக்குக் கடுகளவு கல்லைக் கொடுத்தனுப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, மோதிரம் மஞ்சள் தங்கமா, வெள்ளைத் தங்கமா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுக் கலரைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் தங்கத்தில், கல்லைப் பிடிக்கும் கொக்கிகளின் நிறமே கல்லுக்குள் பிரதிபலிக்கும். டி கலர் கல்லை அதில் கட்டினாலும் ஒரு சாயல் மஞ்சள் ஏறத்தான் செய்யும். டி-க்காகக் கொடுத்த அதிகப் பணம் அங்கே வீண். ஐ, ஜே கற்கள் மஞ்சள் தங்கத்தில் வெள்ளையாகவே தெரியும், ஏனென்றால் சுற்றியிருக்கும் தங்கம் அவற்றைவிடப் பல மடங்கு மஞ்சள். வெள்ளைத் தங்கம் அல்லது பிளாட்டினம் என்றால் எச் வரையில் நில்லுங்கள். கல்லின் வடிவமும் முக்கியம். வட்டப் பட்டை நிறத்தை நன்றாக மறைக்கும். முட்டை வடிவத்திலும் துளி வடிவத்திலும் முனைகளில் நிறம் தேங்கி நிற்கும். படிக்கட்டுபோல நீளப் பட்டைகள் தீட்டிய செவ்வகக் கல் எதையும் ஒளிக்காது. அவற்றுக்கு ஒரு படி மேலே, ஜி கலர் எடுப்பது நல்லது.

கடையில் பார்க்கும்போது, கண்ணாடிப் பெட்டிக்கு மேலே எரியும் விளக்குக்கு அடியில் நின்று முடிவு செய்ய வேண்டாம். அந்த வெளிச்சத்தில் எந்தக் கல்லும் தீப்பொறியாகப் பறக்கும். வைரம் மடித்து வைக்கும் பொட்டலக் காகிதத்தின் உட்புறம் பெரும்பாலும் இளநீலமாக இருக்கும்; அதன்மேல் வைத்துப் பார்த்தாலும் கல் இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியும். வாசலோரம், நேர் வெயில் படாத நிழலில், காலை பத்து மணிக்கு மேல் நின்று பாருங்கள். அன்றைக்கு அடர்ந்த மஞ்சள் அல்லது சிவப்புப் புடவை வேண்டாம், அதன் நிறமும் கல்லில் ஏறும். கூடுமானால் கல்லைத் தனியாக, ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ. சான்றிதழோடு தேர்ந்தெடுத்துப் பிறகு மோதிரம் கட்டச் சொல்லுங்கள். கட்டிய பின் கலரைத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதால், கட்டிய நகைக்கான சான்றிதழில் பெரும்பாலும் இ-எஃப், ஜி-எச் என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்தே போடுவார்கள்.

சம்பந்தி வீட்டைப் பற்றி: நிச்சயதார்த்த மேடையில் யாரும் கல்லைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்க்கப் போவதில்லை. பார்க்கும் கண்களுக்குப் பளிச்சென்று பெரிய கல்லாகத் தெரியும். சான்றிதழை மோதிரப் பெட்டியிலேயே வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு எடுத்த கல்லின் சான்றிதழில் ஃபுளோரசன்ஸ் மீடியம் புளூ என்று போட்டிருக்கிறது. இது குறையுள்ள கல் என்கிறார் ஒரு நண்பர். என் தாயாரோ, "புளூ ஜாகர் என்றால்தான் வைரம்" என்கிறார். யார் சொல்வது சரி? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: தங்கள் தாயார் சொல்வதில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபொன்டெயின் என்றொரு சுரங்கம் இருந்தது. 1893-இல் 995 காரட் எடையுள்ள எக்செல்சியர் என்ற பெரிய வைரம் அங்கேதான் கிடைத்தது. 1971-இல் அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்த உயர்தரக் கற்களில் பல பகல் வெளிச்சத்தில் மெல்லிய நீலம் பூத்து நின்றன. அந்த ஊர்ப் பெயரின் முன்பாதிதான் நம் வீடுகளில் ஜாகர் என்று நிலைத்தது. ஏழுகல் தோடும் பேசரியும் எடுக்கப் போன தலைமுறை தேடித் தேடி வாங்கிய அந்த நீலம், இன்று சான்றிதழில் ஃபுளோரசன்ஸ் என்று எழுதப்படும் குணத்தால் வருவதுதான். சூரிய வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் கல் நீலமாக ஒளிர்கிறது. நீலம் மஞ்சளை அடக்கும் என்பதால் ஐ, ஜே, கே கற்கள் பகலில் ஒரு படி வெள்ளையாகவே தெரியலாம். 1997-இல் ஜி.ஐ.ஏ. வெளியிட்ட ஆய்வில், நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோது வலுவான நீல ஒளிர்வுள்ள கற்களின் கலர் சற்று மேலாகத் தெரிந்தது என்றும், சாதாரண வாங்குவோரின் கண்ணுக்கு ஒளிர்வு ஒரு பொருட்டாகவே படவில்லை என்றும் கண்டார்கள்.

நண்பர் சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. டி, இ, எஃப் கற்களில் வலுவான ஒளிர்வு இருந்தால் வியாபாரத்தில் விலையைக் குறைப்பார்கள். மிக அபூர்வமாகச் சில கற்கள் வெயிலில் பால் கலந்ததுபோல மங்குவதும் உண்டு. தங்கள் கல்லை வெயிலில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மங்காமல் துலக்கமாக இருந்தால் அது நல்ல கல். புதிதாக வாங்குபவர்கள், விலைக் குறைப்போடு கிடைக்கும் ஐ கலர், மீடியம் புளூ கல்லை விடாமல் வாங்கலாம். ஆனால் இன்று கடைக்காரர் புளூ ஜாகர் என்று பெயர் சொல்லி அதிக விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். மூடிய சுரங்கத்தின் கல் என்பதற்கு எந்தச் சான்றிதழிலும் அத்தாட்சி இருக்காது.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தில் டி கலரே மலிவாகக் கிடைக்கிறதே, அதை நிச்சயதார்த்தத்துக்குப் போடலாமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இரு வீட்டாருக்கும் தெரிந்து போடுவதானால் தாராளமாகப் போடலாம், அதுவும் கார்பனால் ஆன உண்மையான வைரமே. அங்கே உயர்ந்த கலருக்கு அதிகம் கொடுக்க வேண்டியிராது என்பதால் எச் வரை இறங்க வேண்டிய தேவையும் இல்லை. சி.வி.டி. (வாயுவிலிருந்து கார்பனைப் படியவைக்கும்) முறையில் வளர்த்த கல்லில் இலேசான பழுப்பும், எச்.பி.எச்.டி. (மிகுந்த அழுத்தமும் வெப்பமும் கொடுக்கும்) முறையில் வளர்த்த கல்லில் இலேசான நீலமும் சில நேரம் தென்படும். மேலே சொன்ன வெள்ளை அட்டையில் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். திரும்ப விற்கப் போனால் கிடைக்கும் தொகை மிகக் குறைவு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் ஜி கலர் என்று வாங்கிய என் நிச்சயதார்த்த மோதிரக் கல் இப்போது மங்கி, மஞ்சளாகத் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: வைரத்தின் கலர் போட்டுக்கொள்வதால் மாறாது; படிவது அழுக்கு. வைரத்துக்கு எண்ணெய்ப் பசையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசைமேல் தண்ணீரோடு சரளையை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தை மட்டும் வழித்தெடுத்ததே இந்தக் குணத்தை நம்பித்தான். தேங்காய் எண்ணெய், மஞ்சள், சோப்பு, சப்பாத்தி மாவு எல்லாம் கல்லின் அடிப்புறத்தில் படிந்து, ஜி கல்லை கே கல்போலக் காட்டும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு, மோதிரத்தை அரை மணி நேரம் ஊறவைத்து, குழந்தைகளுக்கான மிருதுவான பல் துலக்கியால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். கழுவுத்தொட்டியில் செய்யாமல் கிண்ணத்தில் செய்யுங்கள். கழுவிய பிறகும் மஞ்சள் போகாவிட்டால், மோதிரத்தையும் பழைய சான்றிதழையும் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துச் சென்று, கல்லின் எடையும் அளவும் பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.