மொய் நோட்டிலிருந்து தொடங்கலாம்

கேள்வி: கும்பகோணம் அருகே ஒரு கல்லூரியில் பண்பாட்டு மானிடவியல் நடத்துகிறேன். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி எழுதிய, குலா என்னும் தீவுகளுக்கிடையிலான கொடைப் பரிமாற்றத்தை விளக்கினால், எங்கோ ஒரு தீவின் சிப்பி மாலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். களப்பணிக்குச் சொந்த ஊருக்கே அனுப்பினாலோ, எழுத ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: குலாவைக் கைவிட வேண்டாம், பாடத்தின் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் அவரவர் வீட்டு மொய் நோட்டை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வாங்கிய தொகைக்கு மேல் சற்றுக் கூட்டித்தான் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதை யார் கற்றுக்கொடுத்தார்கள், செய்யத் தவறியவரை ஊர் எப்படி நடத்துகிறது, ஏறக்குறைய கடனாகவே இருக்கும் ஒன்றைக் கடன் என்று சொல்ல ஏன் நாக்கூசுகிறது என்று கேளுங்கள். பேராவூரணிப் பக்கத்து மாணவர் எவரேனும் இருந்தால், ஆடி மாத மொய் விருந்தைப் பற்றி அவரே ஒரு மணி நேரம் பேசுவார். நீங்கள் சும்மா இருந்தால் போதும்.

அதன்பின் குலா நடக்கும் பப்புவா நியூ கினியாவின் டிரோப்ரியண்ட் தீவுகளுக்குப் போங்கள். செந்நிறச் சிப்பி மாலைகள் வலஞ்சுழியாகவும் வெண்ணிறக் கைவளைகள் இடஞ்சுழியாகவும் தீவுக்குத் தீவு கைமாறுவதும், பெற்ற கொடையைத் திருப்புவது கடமையாகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வாதிட்டதும் அப்போது விளங்கும். இரண்டும் ஒன்றே என்று சிலர் எழுதிவிடுவார்கள். அங்கே தடுத்து நிறுத்துங்கள். மொய்ப் பணம் வீடு கட்டவும் கடை வைக்கவும் செலவாகிவிடும், குலா மாலையோ எவரிடமும் நிலையாகத் தங்குவதில்லை.

சொந்த ஊர்ச் சிக்கல் இதைவிடக் கடினமானது. 1961–62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், அக்ரஹாரத்தில் தங்கியதால் மற்றத் தெருவினர் தம்மைப் பிராமணர்களோடு சேர்த்தே பார்த்ததையும் அவர்களை நெருங்கத் தடை இருந்ததையும் ஒளிக்காமல் எழுதினார். வெளியிலிருந்து வந்தவருக்கே அந்த நிலை என்றால், பிறந்த தெருவாலேயே அறியப்படும் உங்கள் மாணவர் எங்கும் வெறும் பார்வையாளராக நிற்க முடியாது. ஆகவே ஊர்ப்படம் ஒன்றை வரைந்து, தாம் ஒருநாளும் உட்கார்ந்து தண்ணீர் குடித்திராத தெருக்களை அதில் குறிக்கச் சொல்லுங்கள். எழுத ஒன்றுமில்லை என்றவர் அந்தப் படத்திலிருந்தே தொடங்கலாம்.

மொய் நோட்டு அடுத்தவர் வீட்டுக் கணக்கும் கூட. பெத்தேய் அந்த ஊரை ஸ்ரீபுரம் என்று மாற்றுப்பெயரிட்டே 1965இல் நூலாக்கினார். வகுப்பில் நோட்டைத் திறக்கும் முன்பே பெயர்களை மாற்றிவிடுங்கள்.