தாபூன் குகையில் ஒரு பல்

அன்புள்ள ஐயா,

தொல்லியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். தொல்லியலாளர் டோரதி கேரோட் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். அவர் அதிகம் எழுதவில்லை, பெரிய கோட்பாடு எதையும் முன்வைக்கவில்லை. பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கில் இன்றைய நடுத்தர ஆய்வாளரே அவரை முந்திவிடுவார். கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியர் என்பதால்தான் கொண்டாடுகிறோமா? ஓர் ஆய்வாளரின் செல்வாக்கை எப்படி அளப்பது? நான் களத்துக்குப் போவதா, கோட்பாட்டில் நிற்பதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

களமா கோட்பாடா என்பதை உங்கள் நெறியாளரிடம் கேளுங்கள்.

பெண் என்பதால்தானா என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 1939இல் கேரோட் பேராசிரியரானபோது அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டமே தரவில்லை. 1948 வரை தரவில்லை. அங்கே ஒரு பெண்ணுக்குச் சலுகை காட்டியிருப்பார்களா?

'அதிகம் எழுதவில்லை' என்பதும் படிக்காமல் சொன்னது. பிரிட்டனின் மேல் பழைய கற்காலம், அதாவது பழைய கற்காலத்தின் கடைசிக் கட்டம், பற்றிய நூல் 1926இல் வந்தது. அதே காலத்தில் ஜிப்ரால்டரில், அழிந்துபோன மனித வகையான நியாண்டர்தாலைச் சேர்ந்த ஒரு குழந்தையின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். 1928இல் பாலஸ்தீனத்தின் ஷுக்பா குகை. வேளாண்மைக்கு முன்பே ஓரிடத்தில் தங்கத் தொடங்கிய மக்களின் பண்பாடு அங்கே வெளிப்பட்டது. 'நத்தூஃபியன்' என்ற பெயர் அவர் வைத்தது. 1929 முதல் 1934 வரை அதே பாலஸ்தீனத்தில் கார்மல் மலைக் குகைகள். அவற்றில் தாபூன் குகையின் மண்ணடுக்குகளுக்கு மேலிருந்து கீழாக ஏ முதல் ஜி வரை எழுத்திட்டார். 1967 முதல் அந்தக் குகையை மறுபடி தோண்டினார்கள், அடுக்குகளை நுணுக்கமாகப் பிரித்தார்கள், காலக்கணிப்பில் சண்டையிட்டார்கள். எழுத்துகள் மட்டும் போகவில்லை. இன்றும் அந்த வட்டாரத்தின் கல்கருவி மரபுகளை 'தாபூன் டி', 'தாபூன் சி', 'தாபூன் பி' என்றுதான் வகைப்படுத்துகிறார்கள். எழுதுகிற எல்லோரும் ஒவ்வொரு முறையும் கேரோடை மேற்கோள் காட்டுவதில்லை. உங்கள் கணக்கில் இது எங்கே வரும்?

ஆனால் உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே என் மனதில் இருந்தவர் கேரோட் இல்லை. யுஸ்ரா.

கார்மலில் கேரோட் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கிராமப் பெண்களையே வேலைக்கு வைத்தார். ஜபா, இஜ்ஸிம் ஊர்ப் பெண்கள். அவர்களில் யுஸ்ரா தேர்ந்த கை. தோண்டிய மண்ணைச் சலிப்பதற்கு முன் அதில் கிடக்கும் கருவியையும் எலும்பையும் பொறுக்கி எடுப்பது அவர் பொறுப்பு. 1932இல் தாபூனில் ஒரு பல்லைக் கண்டவர் அவர்தான். அந்தப் பல்லைத் தொடர்ந்து போனபோது நொறுங்கிய மண்டையோடு வந்தது, ஒரு நியாண்டர்தால் பெண்ணின் எலும்புக்கூடு வந்தது. மனிதப் பரிணாமம் பற்றிய பாடநூல்கள் பலவற்றில் அதைக் காணலாம். அந்த ஆண்டு அங்கே வேலை செய்த இளம் மாணவி ஜாக்கெட்டா ஹாக்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்: கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் படிக்கவேண்டும் என்று யுஸ்ரா பேசிக்கொண்டிருந்தாராம்.

1948இல் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்தது. அதே 1948இல், அரபு-இஸ்ரேல் போரில், ஜபாவும் இஜ்ஸிமும் ஆளற்றுப்போயின. யுஸ்ரா என்ன ஆனார் என்பதற்கு, நான் அறிந்தவரை, பதிவில்லை.

செல்வாக்கை அளப்பது பற்றிக் கேட்டீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் பல்லைக் கல்லிலிருந்து பிரித்தறியும் கண்ணை எந்த அளவுகோலில் வைப்பீர்கள்? சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் ஓர் அகழாய்வைப் பார்க்கப் போயிருந்தேன். மாணவர்கள் தள்ளிவிட்ட மண்ணிலிருந்து ஒரு பாசிமணியை எடுத்து நீட்டினார் ஒரு பெண்மணி. ஊர்க்காரர், நூறுநாள் வேலைக்கும் போகிறவர். குழியின் பொறுப்பாளரிடம் அவர் பெயரைக் கேட்டேன். தெரியவில்லை. மணியின் நீளம், விட்டம், கிடைத்த ஆழம் எல்லாம் பதிவேட்டில் ஏறிவிட்டன. எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அதனால் கடுமையாக எழுதிவிட்டேன், தம்பி. நீங்கள் கேள்வி கேட்கிற ஆள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. கார்மல் பற்றி கேரோடும் விலங்குப் புதைபடிவ ஆய்வாளர் டோரதியா பேட்டும் 1937இல் வெளியிட்ட முதல் தொகுதியை வாங்கி, அடுக்கு வரைபடங்களோடு சேர்த்துப் படியுங்கள். ஆய்வேடு முடிந்ததும் ஒரு படி எனக்கு அனுப்புங்கள். உங்கள் குழியில் மண் அள்ளியவர்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பேன்.